ரூபன் ஹாலட் இரண்டு வயதில் சாகவில்லை

கோர், சவுத்லாந்து,
நியூசிலாந்து.
மார்ச் 9

மதிப்புக்குரிய டெஸ்மண்ட் ஹாலட் அவர்களுக்கு,

ஏவிஸ் பிரிங்கிள் எழுதுவது. நீங்களும் உங்கள் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம், ஆடுகளும் சுகம், மழையும் அளவாகப் பெய்கிறது, ஒரு குறையும் இல்லை என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் குறை இருக்கிறது. அந்தக் குறை நீங்கள்தான்.

உங்கள் கடிதம் போன மாதம் பதினோராம் தேதி வந்தது. ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகும் 'ஹாலட் குடும்ப வரலாறு' புத்தகத்திலிருந்து எங்கள் நியூசிலாந்துக் கிளையை, இருநூற்றுப் பதினான்கு பேரை, எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். காரணமாக, டார்செட்டில் நம் ஆஷ்கோம்ப் கிராமத்துச் சர்ச் பதிவேட்டின்படி, ஆமோஸ் ஹாலட், கெசியா தம்பதியின் மகன் ரூபன் 1837-ல் ஞானஸ்நானம் பெற்று 1839-ல் இரண்டு வயதில் அடக்கம் செய்யப்பட்டான், ஆகவே அவன் 1864-ல் கப்பலேறி உங்கள் ஊருக்கு வந்திருக்க வழியில்லை, உங்கள் கொள்ளுத்தாத்தா வேறு ஏதோ ஹாலட்டாக இருக்கலாம், எப்படியானாலும் உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன் என்று முடித்திருக்கிறீர்கள். டெஸ்மண்ட் அவர்களே, எங்களை எடுத்ததைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஆர்வத்தைப் பாராட்டியதைப் பொறுக்க மாட்டேன். நான் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களின் கையெழுத்தைப் படிக்க, கம்பளியின் தரம் பார்க்க என் கணவர் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, சமையல் மேஜையில் பதினோரு குளிர்காலம் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டேன். எனக்கு இருப்பது ஆர்வம் இல்லை. வேலை.

உங்களுக்கு அறுபத்தாறு, எனக்கு எண்பத்தொன்று. இனி தம்பி என்றே எழுதுகிறேன், அது எனக்கு வசதி.

தம்பி, உங்கள் கடிதம் இங்கே என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஈஸ்டருக்கு எங்கள் கிளை முழுவதும் என் மகன் ஆடுகளுக்குக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் கூடுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்துகூட வருகிறார்கள். அதற்காகக் குடும்ப மரத்தைப் பாத்திரம் துடைக்கும் துண்டுகளில் அச்சடித்து, வீட்டுக்கு ஒன்று என்று நூற்றிருபது துண்டு தயாராக இருக்கிறது. உச்சியில் கொட்டை எழுத்தில் ரூபன் ஹாலட். அவர் வந்தபோது இந்த நிலம் சதுப்பு. முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டினார், வேலி போட்டார், பதினொரு பிள்ளை பெற்றார், அதில் ஒன்பது பேரை வளர்த்து ஆளாக்கினார். அந்த ஒன்பதிலிருந்து ஒரு மேயர், ஏழு நர்ஸ், இரண்டு பள்ளித் தலைமையாசிரியர், ஒரு ரக்பி நடுவர் (அவனோடு நாங்கள் பேசுவதில்லை) எல்லாம் வந்தார்கள். அவரைப் போய் இரண்டு வயதில் செத்தவன் என்று எழுதினால்? உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. என் கொழுந்தன் மெர்வ் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வரும்போதே பிரித்துப் படித்துவிட்டான். சனிக்கிழமை, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் எங்கள் சங்கத்தில், எல்லாரும் எங்கள் ஊர்ப் பலகாரமான சீஸ் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று கேட்கிறான்:

"அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு வயசுல போய்ச் சேந்தவனுக்குக் கொள்ளுப்பேத்தி எப்படி?"

"மெர்வ், உட்காரு."

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். தொட்டில்ல இருந்தே கல்யாணம் பண்ணிக்கிட்டானா, இல்ல செத்ததுக்கு அப்புறமா?"

மொத்தச் சங்கமும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் ரோலைத் தட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், அது சூடாக இருந்தபோதே. அதிலிருந்தே என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

என் கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. தந்தை ஆமோஸ், தாய் கெசியா, பிறந்த ஊர் ஆஷ்கோம்ப். மூன்றும் சரி. உங்கள் பதிவேட்டில் பையன் செத்துவிட்டான், அதுவும் சரி. இரண்டும் சரியென்றால் எங்கேயோ ஏதோ விட்டுப்போயிருக்கிறது. மூன்று வாரம் எதுவும் பிடிபடவில்லை. தூங்கவில்லை என்று சொல்ல மாட்டேன், தூங்கினேன், ஆனால் கோபமாகத் தூங்கினேன்.

விடை போன செவ்வாய்க்கிழமை மெர்வின் வாயிலிருந்தே வந்தது, அவனுக்குத் தெரியாமல். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தான். "டிப்! டேய் டிப்! இடது பக்கம் போடா, கழுதை!" என்று நாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். நான் துணி உலர்த்திக்கொண்டே கேட்டேன், "ஏன் மெர்வ், டிப்பைப் போன வருஷம்தானே மரத்தடியில் புதைச்சே?"

"அது பழைய டிப் அண்ணி. இது புது டிப்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் டிப்தான். நாப்பது வருஷமா என் நாய் எல்லாம் டிப்தான். நாக்குக்குப் பழகின பேரு. ஒண்ணு போச்சுன்னா பேரு சும்மா கெடக்குதுல்ல, அடுத்ததுக்கு வெச்சிடறது."

தம்பி, கையில் இருந்த ஈரப் போர்வை கீழே விழுந்தது. நான் எடுக்கவில்லை. ஆமோஸின் அப்பா பெயரும் ரூபன். அந்தக் குடும்பத்தில் தாத்தா பெயர் ஒரு பையனுக்காவது நிற்க வேண்டும். பெயரை வைத்திருந்த பிள்ளை போய்விட்டால் அடுத்துப் பிறக்கும் பையனுக்கு அதே பெயரை வைப்பார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்க இருந்த வழக்கம் இது. நானே வேறு இரண்டு குடும்பங்களில் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சொந்தக் குடும்பம் என்றதும் மண்டையில் ஏறவில்லை. வங்கியில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்த உங்களுக்கும் ஏறவில்லை. ஒரு ரூபன் செத்ததைப் பார்த்தீர்கள், பேனாவை மூடிவிட்டீர்கள்.

நான் மெர்விடம் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணி, நாய்க்குப் பேர் வைக்கிறதும் புள்ளைக்குப் பேர் வைக்கிறதும் ஒண்ணா?" என்றான். "உங்க வீட்டுப் பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அங்கே விடியட்டும் என்று ராத்திரி வரை பொறுத்து, ஆஷ்கோம்புக்குப் போன் போட்டேன். அங்கே சர்ச் சாவியை வைத்திருக்கும் லயோனல் என்பவரின் நம்பர் என்னிடம் உண்டு. அங்கே அவருக்கு அது காலைச் சாப்பாட்டு நேரம்போல. மென்றுகொண்டே பேசினார்.

"யாரும்மா?"

"ஏவிஸ். நியூசிலாந்துல இருந்து. ரூபன் ஹாலட் செத்தானான்னு பாக்கணும்."

"பொறந்தது எப்போ?"

"ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்தேழு."

"அப்போ செத்திருப்பாம்மா. இதுக்கா போன் பண்ணினீங்க?"

அவருக்கு விளக்கிச் சொன்னேன். 1839-க்குப் பிறகு ஆமோஸ், கெசியாவுக்கு இன்னொரு ரூபன் பிறந்திருக்கிறானா என்று ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலைப் பார்க்கச் சொன்னேன். சர்ச் அலமாரியில் இருக்கிறது, மழை விட்டதும் போகிறேன் என்றார். டார்செட்டில் மழை விட எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். குடை இல்லையா என்று கேட்டேன். மனுஷன் போனார். மூன்று மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"இருக்கான்மா. ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது, செப்டம்பர். ரூபன். அதே அப்பா, அதே அம்மா."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்னை ஏம்மா மழைல அனுப்பினீங்க?"

"டெஸ்மண்டுக்குத் தெரியணும்ல!"

ஆகவே தம்பி, நிரூபித்துவிட்டேன். கப்பலேறியது 1840-ல் பிறந்த இரண்டாவது ரூபன். சதுப்பில் நின்றவர் அவர். எங்களைப் பெற்றவர் அவர். இரண்டு வயதில் போனது அவருடைய அண்ணன், பாவம் குழந்தை, அதற்கு என் அனுதாபம் உண்டு, ஆனால் அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. சங்கத்தில் சனிக்கிழமை இதை நானே எழுந்து நின்று சொன்னேன். இந்தத் தடவை ரோலை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கைதட்டினார்கள். மெர்வ்கூடத் தட்டினான், ஒரு கையால் தொடையில்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இருநூற்றுப் பதினான்கு பேரையும் புத்தகத்தில் திரும்பப் போட வேண்டும். பின்னிணைப்பில் இல்லை, உள்ளே. உங்கள் கிளைக்கு எந்த அளவு எழுத்தோ அதே அளவு எழுத்தில். உங்கள் கொள்ளுத்தாத்தா ஏலி, என் ரூபனுக்கு அண்ணன், எழுபத்தொன்பது வயது வரை ஆஷ்கோம்பை விட்டு நகரவில்லை என்று, நீங்கள் முன்பு எனக்கு அனுப்பிய முதல் அத்தியாயத்தில் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நகராமல் இருப்பதற்கு ஒரு அத்தியாயம் என்றால், பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் நகர்ந்ததற்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், நானே புத்தகம் போடுவேன். கண் இன்னும் இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது.

உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பேரப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும், பெரியவர்களுக்குக் கடிதம் எழுதும்போது யோசித்து எழுதட்டும். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். ஆயுள் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உறவு மாறாத அக்கா,
ஏவிஸ் பிரிங்கிள் (பிறந்த வீட்டில் ஹாலட்)

பி.கு.: உறையை ஒட்டி ஒரு வாரமாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன், இப்போது திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை லயோனலிடமிருந்து ஒரு கனத்த உறை வந்தது. மழையில் அனுப்பியதற்குப் பழிவாங்குவதுபோல, 1837 முதல் 1850 வரை பதிவேட்டில் ஹாலட் என்று வரும் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், ஞானஸ்நானம், அடக்கம் இரண்டும். இரண்டாவது ரூபன் 1841 டிசம்பரில் அடக்கமாகியிருக்கிறான். வயது பதினைந்து மாதம்.

மெர்வ் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். போய் டீ போட்டு எடுத்து வந்தான், அவன் என் வீட்டில் டீ போட்டு நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த படத்தில், 1843 மே மாதம், ரூபன், தந்தை ஆமோஸ், தாய் கெசியா. 1864-ன் கப்பல் பயணிகள் பட்டியலில் ரூபனுக்குப் போட்டிருக்கும் இருபத்தொன்று என்ற வயதும் இவனுக்குத்தான் பொருந்துகிறது. அதைக் குமாஸ்தாவின் பிழை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆகவே மேலே நான் நிரூபித்தது எல்லாம் தப்பு. நீங்களும் தப்பு, நானும் தப்பு, சங்கத்தில் கைதட்டியதும் தப்பு. இருநூற்றுப் பதினான்கு பேர் மட்டும் சரி.

இன்னொன்று. பதினோரு வருஷமாக ஆமோஸையும் ரூபனையும் தேடினேன், அந்தப் பெண்பிள்ளையைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. இரண்டு தடவை அந்தப் பெயரை மண்ணில் வைத்துவிட்டு, மூன்றாம் தடவையும் அதே பெயரோடு அதே சர்ச்சுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். புத்தகத்தில் எங்கள் கிளையை ரூபனிடமிருந்து தொடங்க வேண்டாம். கெசியாவிலிருந்து தொடங்குங்கள். துண்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான்காவது ரூபன் உண்டா என்று 1850 வரை பார்த்துவிட்டேன். இல்லை. அவளுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.