சரிவை நேசித்த சங்கம்

மனித குலம் இதுவரை கண்ட அமைப்புகளில் எங்கள் விட்கோம் கடற்கரைப் புதைபடிவ ஆர்வலர் சங்கத்தைவிடக் கருணை மிக்கது வேறில்லை. செத்துப்போன ஜீவன்களுக்காக எங்களைப்போல் உருகுகிறவர்கள் கிடையாது. ஒரே நிபந்தனை, செத்துச் சில கோடி வருஷமாவது ஆகியிருக்க வேண்டும்.

நாங்கள் அகிம்சாவாதிகள். கடலோரக் குன்றில் சுத்தியல் வைப்பது எங்கள் விதிப்படி மகாபாவம். மழையில் தானாகச் சரிந்து மணலில் கிடப்பதை மட்டுமே பொறுக்குவோம். ஆகவே நல்ல மழைக்காக, மிகவும் நாகரிகமாக, ஏங்குவோம்.

அந்தக் குன்றின் உச்சியில்தான் எங்கள் உறுப்பினர் வினிஃப்ரெட் டோசரின் வீடு. ஒவ்வொரு புதைபடிவ வேட்டைக்குப் பிறகும் எங்களுக்கு டீயும் ஸ்கோன் பன்னும் தருகிற புண்ணியவதி. அவருடைய தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடிவாரத்தில் பாறாங்கல் கொட்டித் தடுப்புச் சுவர் எழுப்ப நகரசபை முன்வந்து, 'நிபுணர்கள்' என்ற முறையில் எங்கள் கருத்தைக் கேட்டது.

அவசரக் கூட்டம் வினிஃப்ரெட் வீட்டிலேயே கூடியது. சுவர் வந்தால் சரிவு நிற்கும், சரிவு நின்றால் அறிவியலே நின்றுவிடும் என்று தலைவர் டெஸ்மண்ட் பின்னி கண்கலங்கினார். ஒரு மழைக்காலம் வீணானாலும் ஈடுசெய்ய முடியாத இழப்பாம்.

"அப்ப என் வீடு?" என்றார் வினிஃப்ரெட்.

"சொந்த விஷயத்தைப் பொது விஷயத்தோட போட்டுக் குழப்பிக்காத, வின்னி. அந்த ஜாமைக் கொஞ்சம் இப்படித் தள்ளு" என்றார் டெஸ்மண்ட்.

சுவருக்கு எதிரான தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அப்போது வினிஃப்ரெட் அடுத்த கெட்டில் வைக்க உள்ளே போயிருந்தார். நானும் கை தூக்கினேன். இன்னொரு கையில் ஸ்கோன் இருந்தது. நகரசபையும் அறிவியலுக்குத் தலைவணங்கிச் சுவரைக் கைவிட்டது.

பிப்ரவரி மழையில் மிச்சத் தோட்டமும் சமையலறையும் கீழே போயின. முன்னறையில் இருந்ததால் வினிஃப்ரெட் பிழைத்தார். தீயணைப்பு வண்டிக்கு முன்பே நாங்கள் கடற்கரையில் ஆஜர். நசுங்கிய கெட்டிலுக்குப் பக்கத்தில், தலை முதல் வால்வரை முழுசாக, ஒரு கடல்பல்லியின் எலும்புக்கூடு. டெஸ்மண்ட் மண்டியிட்டு அழுதார். அதுவரை நாங்கள் யாரும் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

நகர மண்டபத்தில் அதைத் திறந்துவைத்த அன்று, வினிஃப்ரெட்டையும் பெருந்தன்மையோடு அழைத்திருந்தோம். வாடகை அறையிலிருந்து பஸ் பிடித்து வந்தார். கண்ணாடிப் பெட்டியை நெடுநேரம் பார்த்தார்.

"இது எவ்ளோ காலமா அங்க கிடந்துச்சு, டெஸ்மண்ட்?"

"பத்தொன்பது கோடி வருஷம், வின்னி" என்றார் தலைவர், பெருமை தாங்காமல்.

"நான் போய்ச் சேர்ற வரைக்கும் இன்னும் ஒரு பத்து வருஷம் கிடந்திருந்தா, கெட்டா போயிருக்கும்?"