துகிஜான் மகிழ்ச்சி தெரிவித்தார்

கெடுங்வாரு கிராமத்தில் வசிக்கும், வயதிலும் பொறுமையிலும் எனக்கு மூத்தவரான அண்ணன் பாவிரோரெஜோ அவர்களுக்கு, செமாராங்கிலிருந்து தங்கள் தங்கை மூர்யாத்தியின் கணவன் விதாக்தோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே மூர்யாத்தி சுகம், பிள்ளைகள் சுகம், கூண்டில் இருக்கும் புறாகூடச் சுகம். நானும் உடம்பளவில் சுகம்தான். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அங்கே தாங்களும் அண்ணியும் ஏழு பிள்ளைகளும் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக. வழக்கப்படி அடுத்த வரியில் வயல் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்த முறை அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

போன வாரம் தாங்கள் பஸ் ஏறி எங்கள் செய்தி நிறுவன அலுவலகத்துக்கு வந்தபோது நான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, வறுத்த தெம்பே சோயாக் கட்டியைப் பச்சைமிளகாயோடு கடித்தபடி, உலக எண்ணெய் விலை பற்றி டெலிபிரின்டர்காரனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து தாங்கள் என்னை "டேய் விதாக்தோ, கவர்மென்ட் சோறு உடம்புல நல்லா ஒட்டுதுடா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். அன்றைக்கும் அந்தக் குரலை எதிர்பார்த்துத்தான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். தாங்களோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, "தாங்கள் வேலையா இருந்தா, நான் வெளியில பெஞ்சில காத்துக்கிட்டிருக்கேன்" என்றீர்கள். தாங்கள்! எனக்கு! மூத்தவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்பதற்குப் பதில் எல்லார் முன்னாலும் செருப்பால் நாலு அடி வாங்கியிருக்கலாம். டெலிபிரின்டர்காரனுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. எண்ணெய் விலையை அப்படியே விட்டுவிட்டு, குனிந்து காகிதச் சுருளை மாற்ற ஆரம்பித்துவிட்டான்.

பிறகு தாங்கள் சட்டைப் பையிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து என் மேசைமேல் விரித்தீர்கள். எங்கள் செய்திதான். அமைச்சர் கெடுங்வாரு வாய்க்காலைத் திறந்துவைத்தார், காங் மணியை மூன்று முறை அடித்தார், இன்னார் இன்னார் உடன் இருந்தார்கள். கடைசிப் பத்தி: "உள்ளூர் விவசாயி துகிஜான் (45) மகிழ்ச்சி தெரிவித்தார். 'இரவும் பகலும் என் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. இதற்கு மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை' என்றார் அவர்."

"இந்தத் துகிஜான் யாருன்னு தங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்கள். நான் தலையைச் சொறிந்தேன். "நான்தான். கல்யாணத்துக்கு முந்தி எனக்கு அதுதான் பேரு. தாங்கள் மறந்திருக்கலாம்" என்றீர்கள்.

மறக்கவில்லை அண்ணா. மறந்திருந்தால்தான் பரவாயில்லையே. நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் நிறுவனத்தில் வளர்ச்சிச் செய்தி எதுவானாலும் கடைசிப் பத்தியில் ஒரு சாமானியக் குடிமகன் மகிழ வேண்டும் என்பது விதி. மகிழாவிட்டால் செய்தி திரும்பி வரும். ஒரு நாள், நல்ல வெயில், கோழித் தடுப்பூசி முகாம். கோழி வளர்ப்பவர் யாரையாவது தேடிப் போக வேண்டும், நானோ ஐஸ் போட்ட தேநீர்க்கடையில் உட்கார்ந்துவிட்டேன். பெயர் ஒன்று வேண்டும். நிஜ ஆளின் பெயரைப் போட்டால் வம்பு. அப்போதுதான் மூர்யாத்தி சொன்னது நினைவுக்கு வந்தது: சின்ன வயதில் அண்ணன் பெயர் துகிஜான், கல்யாணத்தன்று பெரியவர்கள் பாவிரோரெஜோ என்று புதுப் பெயர் வைத்தார்கள், அப்புறம் பழைய பெயரை யாரும் சொல்வதில்லை. நம் ஊர்களில் எல்லா ஆண்களும் கல்யாணத்தன்று சின்ன வயதுப் பெயரைக் கழற்றிப் போடுவதுதானே! சும்மா கிடக்கும் பெயர், யாருக்கும் நஷ்டமில்லை என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். துகிஜானும் கோழிகளும் மகிழ்ந்தார்கள்.

அதோடு நிறுத்தினேனா? துகிஜான் புது நெல் விதையில் மகிழ்ந்தார். கிராமத்துக்கு மின்சாரம் வந்ததில் மகிழ்ந்தார். விண்ணில் துணைக்கோள் பறந்ததில், அது எங்கே பறக்கிறது என்று தெரியாமலே மகிழ்ந்தார். ஒரே வாரத்தில் மூன்று மாவட்டங்களில் மகிழ்ந்த வாரமும் உண்டு. இரண்டு பிள்ளை போதும் என்ற திட்டத்திலும், அண்ணி என்னை மன்னிக்க வேண்டும், முழுமனதாக மகிழ்ந்தார். வருடங்கள் போயின, எனக்குத் தொப்பை விழுந்தது, துகிஜானுக்கு மட்டும் வயது நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. நாங்கள் பாக் என்று மரியாதையாகக் கூப்பிடும் எங்கள் செய்தி ஆசிரியர் ஹுத்தாபாரட், படாக் நாட்டு ஆள், அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் தெருவில் கேட்கும், "உன் துகிஜான் இல்லாத செய்தி உப்பில்லாத சூப் மாதிரி இருக்குய்யா" என்பார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொள்வேன்.

கெடுங்வாரு வாய்க்கால் திறப்புக்கு நான் வரவேயில்லை என்பது தங்களுக்குத் தெரியும். வந்திருந்தால் தங்கள் வீட்டில்தானே சாப்பிட்டிருப்பேன். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து முதல் நாளே எழுதிவிட்டேன். எழுதும்போது "உள்ளூர் விவசாயி" என்று போட்டேனே, அந்த ஊர் யாருடைய ஊர் என்று ஒரு நொடி உறைத்ததா? இல்லை. சாப்பாட்டு நேரம்.

தாங்கள் பழைய பெயரைக் கழற்றிப் போட்டாலும் நிலப் பத்திரம் கழற்றவில்லை என்பதை நான் எப்படி அறிவேன்? தங்கள் கல்யாணத்துக்கு முன்பே தங்கள் அப்பா அந்தப் பெயரில் எழுதிவைத்த வயல், இன்றைக்கும் துகிஜான் வயல். அதனால் தண்ணீர் வரவில்லை என்ற மனுவிலும் தாங்கள் துகிஜான் என்றே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பாசன அலுவலகத்தில் அதிகாரி பாக் சுப்ராப்தோ தங்களைப் படுத்திய பாட்டைத் தாங்கள் என்னிடம் சொல்லவில்லை. அன்று மத்தியானம் எங்கள் சமையலறையில் மூர்யாத்தியிடம் சொன்னீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன்.

"கெடுங்வாரு துகிஜானா? நீங்கதானா அது?" என்று எழுந்து நின்று கை கொடுத்தாராமே. "எங்க ஆபீஸ்ல உங்க பேர் வந்த பேப்பரெல்லாம் வெட்டி ஒட்டி வச்சிருக்கோம் பாக்! ராத்திரி பகலா தண்ணி பாயுதுன்னு நாட்டுக்கே சொன்னவரு, இப்ப வந்து வரலைங்கிறீங்க? இன்னும் எவ்வளவு தண்ணி வேணும் உங்களுக்கு, குளிக்கவா?"

"நான் சொல்லலைங்க."

"அரசாங்கச் செய்தி நிறுவனம் சொல்லுதே, நீங்க சொன்னீங்கன்னு. அதுவா பொய் சொல்லும்?"

அங்கே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். தாங்கள் மூர்யாத்தியிடம், "வாய்க்கா பெரிய மதகோட நின்னுபோச்சு, மிச்சம் தோண்டாமலே விட்டுட்டாங்க. நாத்து மஞ்சளாவுது. அதுகூடப் பரவால்ல தங்கச்சி. என்னைப் பொய்யன்னு நினைச்சு ஒருத்தன் கை குடுத்தான் பாரு, அதுதான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டீர்கள். அன்றிலிருந்து மூர்யாத்தி என்னிடம் பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், சத்தமில்லாமல்.

புறப்படும்போது தாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "முடிஞ்சா ஒரு வரி போடச் சொல்லுங்க. துகிஜானுக்குத் தண்ணி வரலைன்னு. அது போதும்." மறுநாளே ஆசிரியர் அறைக்குள் போனேன்.

"திருத்தமா?" என்றார் பாக் ஹுத்தாபாரட். "இந்த நிறுவனம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து என்னென்ன திருத்தம் போட்டிருக்கோம் தெரியுமா? அமைச்சர் பேருக்கு முன்னாடி டாக்டர் விட்டுப்போச்சுன்னு போட்டிருக்கோம். கவர்னர் சம்சாரம் வலப்பக்கம் இல்ல, இடப்பக்கம் நின்னாங்கன்னு போட்டிருக்கோம். மகிழ்ந்தவன் மகிழலைன்னு எவன்யா போட்டிருக்கான்?"

"ஒரே ஒரு வரிதான் பாக்."

"ஒரு வரியா? அவன் மகிழலைன்னா தண்ணி வரலை. தண்ணி வரலைன்னா அமைச்சர் திறந்தது வெறும் பள்ளம். வெறும் பள்ளத்துக்கா மூணு தடவை காங் அடிச்சாரு? ஆமா, இந்த ஆளு குடும்பக் கட்டுப்பாட்டுலயும் மகிழ்ந்தானே, அதுவாவது நிஜமா?"

"அவருக்கு ஏழு பிள்ளைங்க, பாக்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். துகிஜான் காலமானார்னு போட்டுடுவோம். அதுக்கு மேலிடத்துல ஆட்சேபணை இருக்காது."

அதைப் பற்றி நான் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் எனக்குப் பெரிய வெட்கம் அதுதான்.

வெளியே வந்தால் கூடத்தில் அந்தப் பழைய படம். தாங்களும் பார்த்திருப்பீர்கள், பெஞ்சுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. ஒரு மேசை, ஒரு ஓட்டைத் தட்டச்சுப் பொறி, கையால் சுற்றும் அச்சுப் பெட்டி. டச்சுக்காரன் காலத்தில் நாலு இளைஞர்கள் சேர்ந்து எங்கள் நிறுவனத்தை ஆரம்பித்தது இவற்றை வைத்துத்தான். பிறகு ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தபோது, அவன் தந்திக் கம்பியிலேயே, அவன் மூக்குக்குக் கீழேயே, நாடு விடுதலை அடைந்துவிட்டது என்ற ஒரு வரியை உலகத்துக்கு அனுப்பினார்கள். பிடிபட்டால் தலை போயிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் எங்கள் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்க வரும்போது இந்தக் கதையைக் குரல் தழுதழுக்கச் சொல்பவன் நான்தான். அவர்கள் ஒரு நிஜ வரிக்குத் தலையைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நான் ஒரு பொய் வரிக்கு மாதாமாதம் சம்பளமும் அரசாங்கப் படியாக அரிசியும் வாங்குகிறேன். அந்த அரிசி யாரோ ஒரு துகிஜானின் வயலில் விளைந்ததுதான்.

கடைசியாகப் பாசன அலுவலகத்துக்கே போய், பாக் சுப்ராப்தோ முன்னால் நின்று, "அது நான் இட்டுக்கட்டினது" என்று சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப மரியாதையாகக் காப்பி வரவழைத்தார். "நீங்க வாயால சொல்றது உங்க சொந்தக் கருத்து பாக். நிறுவனம் சொன்னதை நிறுவனம்தான் மறுக்கணும்" என்றார். காப்பியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே அண்ணா, தங்கள் ஒரு வரியை என்னால் வாங்கித்தர முடியவில்லை. துகிஜான் என்ற பெயரை இனி என் கை எந்தக் காலத்திலும் எழுதாது என்று, பிள்ளைகள் மேல் ஆணையாக, இந்தக் கடிதத்தில் சத்தியம் செய்கிறேன். இத்துடன் விங்கோ தேங்காய்ப் பணியாரமும் கிராம்புச் சிகரெட்டும் அனுப்புகிறேன். பணியாரம் பிள்ளைகளுக்கு, சிகரெட் தங்களுக்கு, கோபம் இருந்தால் இரண்டையும் கோழிக்குப் போட்டுவிடுங்கள். அண்ணிக்கு என் வணக்கம். ஏழு பேருக்கும் தனித்தனியே என் அன்பு. தங்கள் நிழலைக்கூட நிமிர்ந்து பார்க்கக் கூசும்,

விதாக்தோ.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் கவர்னரின் சுற்றுப்பயண நிரல் வந்தது, தங்கள் பக்கம்தான். முன்னோட்டச் செய்தி அடிக்க உட்கார்ந்த என் விரல்களுக்கு என்ன ஆயிற்றென்று தெரியாது. "கெடுங்வாரு வாய்க்காலின் கடைசி வயல்வரை தண்ணீர் பாய்வதற்கு நன்றியாக, விவசாயி துகிஜான் (45) தம் வயல் மடையைக் கவர்னர் தம் கையாலேயே திறந்துவைக்க வேண்டும் என்று விரும்புகிறார். அந்த வயல் நீரில் வளர்ந்த கெளுத்தி மீன் வறுத்துப் பரிமாறப்படும்" என்று அடித்துவிட்டேன். பாக் ஹுத்தாபாரட் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு, "வந்துட்டான்யா என் துகிஜான்!" என்று கையெழுத்துப் போட்டார். செய்தியைப் படித்ததும் கவர்னர் மாளிகை உடனே சம்மதித்துவிட்டது. அவருக்கு வறுத்த மீன் என்றால் உயிராம்.

இன்று காலை பாக் சுப்ராப்தோ போன் செய்து அழாத குறையாகப் பேசினார். வயல் எது, மடை எந்தப் பக்கம், மீன் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று கேட்டார். மண்வெட்டியோடு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் அண்ணா. இந்தக் கடிதம் வருவதற்குள் தங்கள் நாற்றுக்குத் தண்ணீர் வந்திருக்கும். மதகிலிருந்து வயல்வரை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், அவர்கள் அவசரத்தில் மேலாகக் கீறிவிட்டுப் போவார்கள். கவர்னர் வரும் அன்று பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் வீட்டில் இருக்கட்டும், மற்ற ஐந்து பேரையும் அண்ணியின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். யாராவது வயது கேட்டால் நாற்பத்தைந்து.

அன்றைய செய்திக்கு நான் நேரில் வருகிறேன். "துகிஜான் கூறியதாவது" என்று எழுதி, அதற்குக் கீழே முதல்முறையாக இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தாங்கள் சொல்வதைத்தான் போடுவேன். மூன்று வரிக்குள் இருக்கட்டும். வாய்க்காலை மட்டும் திட்டாதீர்கள், தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். திட்டியே ஆகவேண்டும் என்றால் என்னைத் திட்டுங்கள், கவர்னர் முன்னாலேயே, "டேய்" போட்டு.