ராமர் பச்சைப் புல்வெளி

கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஆண்பிள்ளை எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். கர்நாடக சங்கீதம் பிடிக்குமா? உயிர். சமையல்? பிரமாதமாக வரும். (வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.) அப்படித் தலையாட்டி நான் மாட்டிக்கொண்டது புல்லில். சிரிக்காதீர்கள், மாடு தின்கிற அதே புல்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆரணியை ஒட்டிய சேவூரில் புதுவீடு கட்டிக் குடிவந்திருந்தோம். அப்பாவுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. நான் பி.காம். முடித்துவிட்டு, உதவி என்ற பெயரில் அங்கே அவருக்கு உபத்திரவம் செய்துகொண்டிருந்தேன். கண்ணமங்கலத்தில் கோமதி என்ற பெண்ணைப் பார்க்கப் போனோம். காபியை நீட்டியவள், "சக்கர கம்மியா இருந்தா சொல்லுங்க" என்றாள். சர்க்கரையே இல்லை. "கரெக்டா இருக்குங்க" என்றேன். அந்த நிமிஷமே விழுந்துவிட்டேன்.

அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். ஆனால் கோமதிக்கு அப்பா இல்லை. கனடாவில் இருக்கும் தாய்மாமன் ராஜமாணிக்கம் நேரில் வந்து, வீட்டையும் பிள்ளையையும் பார்த்துத் தலையசைத்தால்தான் முகூர்த்தம். அவரும் ஆரணியில் சாயப் பட்டறை வீட்டில் பிறந்து, படித்து, பனி கொட்டும் ஊருக்குப் போனவர்தான். சித்திரையில் வருவதாக இருந்தவர், அதற்கு முன்பே என்னை ஆழம் பார்க்க ஐப்பசியில் போன் செய்தார்.

"தம்பி, ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"சும்மாதாங்க..." என்று ஆரம்பித்தவன் சுதாரித்துக்கொண்டு, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க?" என்றேன்.

"எனக்கு வீட்டு முன்னாடி இருக்கிற லான்தான் தம்பி உயிரு. புல்லு வளக்கறது ஒரு தனி சுகம்."

"அட! எனக்கும் அதுல ரொம்ப இன்ட்ரஸ்டுங்க!"

முடிந்தது கதை. சென்னைக்கு வந்த நண்பர் ஒருவரிடம் அந்த மனுஷர் ஒரு மூட்டை புல்விதையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். குளிர் தேசத்து விதை. அதற்குப் போனிலேயே பாடம் வேறு. "ஆழமாப் பொதைக்காதீங்க தம்பி, மேலாகத் தூவி லேசா மண்ணு போடுங்க. மொளைக்கிற வரைக்கும் ஈரம் காயக் கூடாது. அப்புறம் வாரத்துக்கு ஒருதரம், காலையில, வேர் வரைக்கும் இறங்குற மாதிரி தண்ணி விடணும். வெட்டும்போது மொட்டை அடிச்சிடாதீங்க, நுனி மட்டும்தான்." கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஸ்நோ உருகுறப்ப மட்டும் அதுமேல யாரையும் நடக்க விடாதீங்க" என்றார். விடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். (சேவூரில் ஐஸ் விழுந்தது, ஐஸ்காரர் சைக்கிள் கவிழ்ந்த அன்று மட்டும்தான்.)

மார்கழிக் குளிரில் வாசலைக் கொத்தி விதைத்தேன். அது நாங்கள் கயிறு கட்டி நூல் காயப்போடுகிற இடம். "நூலு காயற எடத்துல புல்லு போடறியேடா, உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று அப்பா கத்தினார். "கல்யாணத்துக்குத்தானே, வுடுங்க" என்று அம்மா சமாதானம் செய்தாள். ஆனால் புல் வந்தது பாருங்கள், அப்படி ஒரு புல்! தை மாதத்தில் தெருவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா மட்டும் தினமும் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, "எப்ப அறுக்கப் போற?" என்று கேட்பார்.

"அறுக்கறதுக்கு இல்லக்கா. சும்மா பாக்கறதுக்கு."

"மாடு துன்னாத புல்ல எதுக்குடா வளத்துகினு கீற? பேஜாரு புடிச்ச புள்ள!"

மாசி போனது, பங்குனி வந்தது. ஆரணி வெயிலைப் பற்றி ஆரணிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கனடா புல்லுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. போர் மோட்டார் சூடாகும்வரை தண்ணீர் விட்டேன். ஓலைத் தட்டிகூடக் கட்டிப் பார்த்தேன். சித்திரை பிறந்தபோது வாசல் முழுக்க வறுத்த சேமியாவைக் கொட்டியதுபோல் இருந்தது. போனில் ராஜமாணிக்கம், "லான் எப்படி தம்பி?" என்றார். "கார்பெட் மாதிரி இருக்குங்க" என்றேன். கோமதி கைநழுவிப் போய்விடுவாளோ என்று சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் எந்தச் சிக்கலுக்கும் ஒரே வைத்தியம்தான்: சாயத்தில் முக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் மசி கொட்டினால், மறுநாள் சட்டை முழுக்க நீலமாகிவிடும். அப்படி வளர்ந்த மூளைக்கு வேறென்ன தோன்றும்? மாமா வருகிற அன்று, அப்பா இனிப்பு வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, பட்டறையிலிருந்த ராமர் பச்சைச் சாயத்தைக் கரைத்துப் பூவாளியில் ஊற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசல் முழுக்கத் தெளித்தேன். நல்ல வெயில், சட்டென்று காய்ந்துவிட்டது. மாடியிலிருந்து பார்த்தேன். அடேயப்பா! உலகத்தில் எந்தப் புல்லும் அந்த நிறத்தில் இருந்ததில்லை, முகூர்த்தப் புடவை மட்டும்தான் இருக்கும். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

கார் வந்து நின்றது. பளீரென்ற வெள்ளை வேட்டியில் ராஜமாணிக்கம் இறங்கினார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது அம்மாவின் வழக்கம். சொம்போடு கேட் வரைக்குமே போய்விட்டாள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கால் கழுவினார்.

"உள்ள வாங்க சார், ஜல்தியா காபி சாப்பிடலாம்" என்று நான் கையைப் பிடித்து இழுக்காத குறை.

"இருங்க தம்பி, மொதல்ல லான்" என்று ஈரக்காலோடு புல்லில் இறங்கினார். "என்ன, அப்பளம் மாதிரி நொறுங்குது?"

"புது வகைங்க..."

அவர் ஒரு சுற்று நடந்தார். நடுவில் உட்கார்ந்து வேறு பார்த்தார். பிறகு யோசனையாக எழுந்து வீட்டுக்குள் வந்தார். அவருக்குப் பின்னால், எங்கள் புத்தம்புது வெள்ளை மொசைக் தரையில், கோகுலாஷ்டமிக்குப் போடும் பாதங்கள்போலப் பச்சைப் பச்சையாகப் பாதங்களும் வந்தன. சைஸ்தான் கொஞ்சம் பெரிது. வேட்டியின் பின்பக்கத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

"ஐயையோ!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உரங்க... உரம் ஒட்டியிருக்கும்" என்றேன்.

"நான் உரமே அனுப்பலையே" என்றார் ராஜமாணிக்கம். என் கைகளைப் பார்த்தார். அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சாயக்காரன் கையில் எப்போதும் எல்லா நிறமும் இருக்கும். "தம்பி, காலத் தூக்குங்க."

தூக்கினேன். உள்ளங்கால் ராமர் பச்சை.

இனிப்புப் பொட்டலத்தோடு அப்போதுதான் உள்ளே வந்த அப்பா, தரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், வெளியே வாசலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "அடப்பாவி! புல்லுக்குச் சாயம் போட்டதுகூடப் பரவால்லடா, சாயம் போவுதேடா! நம்ம பட்டறைச் சாயம் போவுதுன்னு வெளிய தெரிஞ்சா எவன்டா நூல் குடுப்பான்?"

"ஆசிட் சேத்தீங்களா தம்பி?" என்று ராஜமாணிக்கம் விசாரணையைத் தொடங்கினார்.

"இல்லீங்க."

"கொதிக்க வெச்சீங்களா?"

"புல்ல எப்படிங்க கொதிக்க..."

"அப்ப எப்பிடிப் புடிக்கும்?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து, "எங்க ஊர்லயே ஜூலை மாச வெயிலுக்கு இந்தப் புல்லு பழுப்பாயிடும் தம்பி. பழுத்துப் போச்சு மாமான்னு சொல்லியிருந்தா நான் பேசாம காபி குடிச்சிட்டுப் போயிருப்பேனே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "போனக் குடுங்க, கோமதிகிட்டப் பேசணும்" என்றார். தொலைந்தது சம்பந்தம் என்று சுவரில் சாய்ந்துவிட்டேன்.

"அம்மாடி, இங்க மாப்பிள்ளை லானுக்குச் சாயம் போட்டு வெச்சிருக்காரு. ஆமா, புல்லுக்குத்தான். எனக்காகவாம். என் வேட்டியே போச்சு. நீ என்ன சொல்ற?"

எதிர்முனையில் சிரிப்பு கேட்டது. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படியான சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"கலர் நல்லா வந்திருக்கா மாமா?"

போனை வைத்துவிட்டு ராஜமாணிக்கம் அப்பாவைப் பார்த்தார். "பொண்ணு குடுக்கறோம் சம்பந்தி. ஒரே கண்டிஷன். இவரப் பட்டறைப் பக்கம் வுடாதீங்க."

ஆனியில் கல்யாணம். கண்டிஷன் இன்றுவரை அமலில் இருக்கிறது. நான் ஆரணியில் ஒரு புடவைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், பட்டறையைப் பார்த்துக்கொள்வது கோமதி. அதுகூடப் பரவாயில்லை. "கடையில வேலை அதிகம், அதான் லேட்டு" என்றோ, "பஜ்ஜியெல்லாம் தொடவே இல்ல" என்றோ வீட்டில் நான் எதைச் சொன்னாலும், கோமதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எங்க, காலத் தூக்குங்க" என்கிறாள். இப்போது என் பெண்ணும் கூடச் சேர்ந்துகொண்டு அதையே சொல்கிறாள்.

நானும் ஒவ்வொரு முறையும் தூக்கிவிடுகிறேன்.