மிக்ஸி பிரித்த காலையைப் பற்றி அண்ணிக்கு

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

உங்கள் கூடப் பிறந்த தம்பியின் மனைவி எழுதுவது. உங்கள் முட்டிவலி தணிந்திருக்க வேண்டும், அண்ணனுக்கு இருமல் நின்றிருக்க வேண்டும், பிள்ளைகள் உங்கள் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் சம்பந்தியம்மா போன வாரம் இந்தப் பக்கம் மருந்து வாங்க வந்தபோது, கடைக்கு மேலே இருக்கிற மாடி ஹாலில் நான் தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்தார்களாம். "புருஷன் போயி பதினோரு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள அவளுக்கு நாடகம் கேக்குதா?" என்று நீங்கள் கேட்டதாகவும் என் காதுக்கு வந்தது. சிரித்தது உண்மை. நாடகம் என்பதும் உண்மை. ஏன் சிரித்தேன் என்பதைத்தான் சம்பந்தியம்மா பார்க்கவில்லை.

அந்த ஹாலை நான் கூட்டித் துடைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். வாரம் மூன்று சாயங்காலம் அங்கே எட்டுப் பேர் நாடகம் போட வருகிறார்கள். கதை எழுதி வைத்திருக்கிறார்களா என்றால் அதுதான் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வந்து மேசைமேல் போடுவார்கள், அதில் ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படிப்பார்கள், உடனே இரண்டு பேர் எழுந்து ஒத்திகை ஒன்றும் இல்லாமல் வாய்க்கு வந்ததைப் பேசி நடிப்பார்கள், நன்றாக வந்ததை எழுதிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகள் அம்மா அப்பா விளையாட்டு விளையாடுகிற மாதிரிதான், வயது மட்டும் ஏழு கழுதை வயது. நடத்துகிறவர் ஒரு கண்ணாடியம்மா. டைலர் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ராஜாவாக நடித்தாலும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர், கொலைகாரனாக வந்து விஷம் கொடுக்கும்போதுகூட "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பார். அவர்களுக்கு ஒரே ஒரு விதி. எதிராளி என்ன சொன்னாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. நீ முதலை என்றால் நீ முதலைதான்.

ஒரு நாள் ஒரு ஆள் குறைந்தது. "அக்கா, அந்தத் துடைப்பத்தை வச்சிட்டு சும்மா வந்து நில்லுங்க" என்றார் கண்ணாடியம்மா. "எனக்கு வராதும்மா" என்றேன். "வராதுன்னு சொல்லக் கூடாதுக்கா, விதி" என்றார். அன்றிலிருந்து நான் தபால்பெட்டியாக நின்றிருக்கிறேன், ஸ்டேஷன் மாஸ்டராகக் கொடி காட்டியிருக்கிறேன், டைலர் அண்ணனுக்கு மாமியாராகவும் இருந்திருக்கிறேன். வீட்டில் தனியாகச் சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை என்று பட்டது, அவ்வளவுதான்.

போன வாரம் கண்ணாடியம்மா ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு வாக்கியத்தைப் பேர் போடாமல் எழுதி டப்பாவில் போடச் சொன்னார். பேர் இல்லையே என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன். என் எழுத்து ஒவ்வொன்றும் செங்கல் அளவு இருக்கும், அதைத் தெரியாதவர் அந்த ஹாலில் கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணி, இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள். உங்கள் தம்பி போன அன்று, "கடைசியா என்ன சொல்லிட்டுப் போனான்?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டீர்கள். "அக்காவைப் போய்ப் பாக்கணும்னு சொன்னாரு" என்றேன். அது பொய். நீங்கள் அதை ஊரெல்லாம் சொல்லி அழுது, போட்டோவுக்குக் கீழே அச்சடித்தே மாட்டிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். மரியாதை இல்லாமல் அல்ல.

நடந்தது இது. லாரியையே பிரித்து மாட்டுகிறவர், அன்று காலை என் மிக்ஸியைப் பிரித்தார். மாட்டி முடித்தால் மூன்று ஸ்க்ரூ மிச்சம். "இதெல்லாம் சும்மா போட்டிருப்பான், தேவையில்லை" என்றார். சுவிட்சைப் போட்டால் மிக்ஸி சுற்றவில்லை, சமையல் மேடையைவிட்டு நகர்ந்து போகிறது. எனக்கு வந்த கோபத்தில், "அதையும் தூக்கிக்கிட்டு எங்கயாவது போய்த் தொலைங்க" என்றேன். போனார். பதினொரு மணிக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று. என் வாய்தான் அவரைக் கொண்டுபோனது என்று பதினோரு மாதமாகச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. யாரிடம் சொல்வேன்? உங்களிடம் சொன்னால் என்னை என்ன செய்வீர்கள் என்று பயம்.

டப்பாவிலிருந்து டைலர் அண்ணன் எடுத்தது, 'எங்கயாவது போய்த் தொலைங்கன்னு என் புருஷன்கிட்ட கடைசியா சொன்னேன்' என்று நான் எழுதிய சீட்டைத்தான். படித்தார். எட்டுப் பேரும் என் பக்கம் திரும்பாமல் மின்விசிறியைப் பார்த்தார்கள், அப்போதுதான் என் செங்கல் எழுத்து எனக்கு உறைத்தது. "இதை யாரு பேசுறீங்க?" என்று கண்ணாடியம்மா கேட்க, நான் எழுந்துவிட்டேன், எப்படி எழுந்தேன் என்று தெரியாது. டைலர் அண்ணன் புருஷன். நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அந்த மனுஷன் சோகமாக இருக்கட்டும் என்று நினைத்து நெஞ்சில் கையை வைத்து மெதுவாகச் சரிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்திரிங்க! அவரு இப்படி மெதுவா சரியற ஆளா?"

"வேற என்னதான் பண்ணுவாரு?"

"செருப்பை மாட்டுவாரு. மாட்டிக்கிட்டே, 'சரி, தொலையறேன். எத்தனை மணிக்குத் திரும்பி வரணும்னு மட்டும் சொல்லிடு'ம்பாரு."

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் அப்படித்தானே சொன்னார்! வாசலில் நின்று, ஒரு செருப்பைப் போட்டு, மற்றதைக் காலால் துழாவிக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டு, "ஆறு மணிக்கு. வரும்போது துணி சோப்பு வாங்கிட்டு வாங்க" என்றேன். "ரெண்டா?" என்று கேட்டார். "ரெண்டு" என்றேன். அது முழுக்க எப்படி மறந்தேன் அண்ணி? பதினோரு மாதம் நான் நெஞ்சில் தூக்கிச் சுமந்தது கடைசி வார்த்தையே இல்லை. கடைசி வார்த்தை சோப்பு.

அதற்குத்தான் சிரித்தேன். தரையில் உட்கார்ந்து, வயிறு நோகச் சிரித்தேன். மருந்துக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து, கடையில் ஆளைக் காணோமே என்று அவரைத் தேடிச் சம்பந்தியம்மா மாடிக்கு ஏறி வந்தார்கள், பார்த்தார்கள், மாத்திரைகூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டார்கள். ஐந்து நிமிடம் நின்றிருந்தால் நான் அழுததையும் பார்த்திருப்பார்கள். கண்ணாடியம்மா மடியில் படுத்து அழுதேன், உங்கள் தம்பி போனதிலிருந்து அப்படி ஒரு முறைகூட அழுததில்லை. அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவள், மறுநாள் பால்காரர் கதவைத் தட்டித்தான் எழுந்தேன்.

உங்களைப் பற்றி அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, அண்ணி. நினைக்காமல் இல்லை, அன்று அவர் மனசு முழுக்க மிக்ஸிதான். பொய் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். போட்டோவுக்குக் கீழே இருக்கும் வரியை வைப்பதும் எடுப்பதும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், நம் வீட்டு விஷயம் ஒரு வரிகூட அந்த நாடகத்தில் வராது, கண்ணாடியம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதமும் உங்களுக்கும் எனக்கும் நடுவில்தான். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: கவர் வாங்கக் கீழே போனபோது கடிதத்தை ஹால் மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். இந்த வாரத்துக்கு நான் எழுதிய பக்கம் என்று நினைத்து எடுத்துப் படித்துவிட்டார்கள். நான் மேலே வந்தபோது டைலர் அண்ணன் தலையில் துண்டைப் போட்டு, இடுப்பில் கையை வைத்து, நீங்களாக நின்றுகொண்டிருந்தார். முழுக் கடிதமும் நாடகத்தில் சேர்ந்தாயிற்று. கடைசியில் அண்ணி என்ன பதில் சொல்வார் என்பதில்தான் நிற்கிறது. டைலர் அண்ணன் மூன்று விதமாக நடித்துக் காட்டினார். ஒன்றில் மயங்கி விழுந்தீர்கள், ஒன்றில் என் முடியைப் பிடித்தீர்கள், இன்னொன்றில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். மூன்றுமே எங்கள் அண்ணி இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்ப அவங்க என்னதான் சொல்லுவாங்க?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, அண்ணி. நாடகம் சனிக்கிழமை ஆறு மணிக்கு. அதற்குள் பதில் எழுதினால் அதை எழுத்து மாறாமல் பேசுவார்கள். இல்லையென்றால் நேரிலேயே வந்துவிடுங்கள், டைலர் அண்ணன் இறங்கி உங்களுக்கு இடம் விடுவதாகச் சொல்லிவிட்டார். திட்டுவதானாலும் அங்கேயே மேடை ஏறித் திட்டுங்கள்.