எனக்குத் தெரியாத பாடத்துக்கு நானே வாத்தியார்

என் பேரு பௌரோ. வயசு பத்தொம்பது. நியூசிலாந்துல, டனீடின் ஊர்ல, ஸ்காலர்ஷிப் பசங்க தங்குற விடுதியோட துணி துவைக்கிற ரூம்ல உக்காந்திருக்கேன். நான் பேசப் பேச போனே எழுதிக்கிது. நம்ம அபெமாமா தீவுல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யாராவது படிச்சுக் காட்டுங்க. அப்பா, நான் நல்லா சாப்புடுறேன். மத்த எதுவும் நல்லா இல்ல.

ஸ்காலர்ஷிப் கெடச்சப்போ ஊரே சேந்து ஆடுனீங்க. ஒரு விஷயத்த அன்னைக்கு நான் சொல்லல. எல்லாப் பாடத்துலயும் கடைசிப் பரீட்சையில அறுவத்தஞ்சு மார்க் வாங்கணும். ஒண்ணுல கொறஞ்சாலும் ஸ்காலர்ஷிப்ப நிறுத்தி, ஊருக்கு டிக்கெட் போட்டுருவாங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொத டெஸ்ட்ல நான் வாங்குனது நாப்பத்தொண்ணு.

அந்த மார்க் வந்த மறுநாளே, எங்களையெல்லாம் பாத்துக்குற நைரி மேடம் கூப்புட்டாங்க. ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் ஒத்தாசையா இருக்கணும்னு இங்க ஒரு விதி. கடற்கரையில குப்ப பொறுக்கணும், புதன்கிழமை எல்லாரும் சேந்து சமைக்கணும், ஜூனியருக்குப் பாடம் சொல்லித் தரணும். சலோட்டேன்னு டோங்கா தீவுப் பொண்ணு ஒண்ணு. எனக்கு ஒரு வருஷம் பின்னாடி சேந்துருக்கு, ஆனா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் என் கிளாஸ்லதான். அதுக்குச் சொல்லித் தர முடியுமான்னு மேடம் கேட்டாங்க.

வாய் விட்டு ஒருத்தர் கேட்டா நம்மளால முடியாதுன்னு சொல்ல முடியுமா? மாமா கேட்டார்னு இருந்த ஒரே படகு மோட்டாரக் கழட்டிக் குடுத்துட்டு, அப்பா ஆறு மாசம் துடுப்பு போடலையா? நானும் சரின்னுட்டேன்.

வெள்ளிக்கிழமை சலோட்டே நோட்டோட வந்து உக்காந்துச்சு. எனக்கு ஒரு எழவும் தெரியாது. வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன். கடைசில வர்ற எண்ணு எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது, மீன் மாதிரின்னேன். அது அத அப்படியே எழுதிக்கிச்சு.

"அண்ணே, லெக்சரர் மூணு வாரமா சொல்லிப் புரியாதது இப்பப் புரிஞ்சிருச்சு" அப்படின்னுச்சு.

மறுநாள் நேரா கேலம்கிட்ட போனேன். மூணாவது வருஷம் படிக்கிறான். எங்க விடுதி வாசல்ல பெரிய போர்டுல சிரிச்சுக்கிட்டு நிக்கிறது அவன் படம்தான். யாருக்கும் தெரியாம எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லித் தாடான்னு கெஞ்சுனேன். அவன் மூஞ்சி வெளுத்துச்சு. ஏற்கெனவே வெள்ளைக்காரன், குளிரு வேறன்னு நெனச்சுக்கிட்டேன்.

"புதன்கிழமை வாடா மச்சான். ஞாயித்துக்கிழமை எனக்குக் கொஞ்சம் வேல இருக்கு. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" அப்படின்னான்.

அப்பா, என்னமா சொல்லிக் குடுத்தான் தெரியுமா. ஒரு வார்த்த வெளங்காமப் போகல. எல்லாமே எனக்கு எப்பவோ தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு. நான் குத்துமதிப்பா சொன்னதெல்லாம் சரியாத்தான் இருந்துருக்கு. எனக்குள்ளயும் ஒரு மண்டை இருக்குன்னு அன்னைக்குத்தான் நம்புனேன். புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கேடான்னு கேட்டேன். அது பழைய பதிப்புன்னுட்டான்.

புதன்கிழமை கேலம்கிட்ட கத்துக்குவேன், வெள்ளிக்கிழமை சலோட்டேக்குச் சொல்லுவேன். இப்படியே ரெண்டு வாரம் ஓடுச்சு. அதோட நின்னிருந்தா தப்பிச்சிருப்பேன். ஒரு புதன்கிழமை எல்லாரும் உருளைக்கெழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கறப்போ, பௌரோ அண்ணன மாதிரி யாருமே சொல்லித் தர முடியாதுன்னு சலோட்டே போட்டு ஒடச்சிருச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு பேர் புதுசா வந்து நிக்கிறாங்க. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. மொத்தம் ஒன்பது பேரு. ஒன்பது பேருக்கும் அதே அறுவத்தஞ்சுதான் விதி.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்ல. என் ஒருத்தன் டிக்கெட்டு போக, இன்னும் ஒன்பது டிக்கெட்டு என் தலையில. காலையில நைரி மேடம்கிட்ட போயி உண்மையச் சொல்லிட்டேன். எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரியாது மேடம், நான் வாங்குனது நாப்பத்தொண்ணு, இந்தப் புள்ளைங்கள வேற யார்கிட்டயாவது விடுங்கன்னு சொன்னேன்.

மேடம் கண்ணாடியக் கழட்டிட்டு என்னையே பாத்தாங்க. "நாப்பத்தொண்ணு வாங்கிட்டு அடுத்தவங்களுக்காக இவ்வளவு பாடுபடுறியா? உன்ன மாதிரி பையனுக்காகத்தான்பா இந்த ஸ்காலர்ஷிப்பே வச்சிருக்காங்க."

ஸ்காலர்ஷிப்புக்குப் பணம் குடுத்தவங்கல்லாம் வர்ற விருந்துல என்னப் பேசச் சொல்லிட்டாங்க. கேக்கும்போது எப்படி மாட்டேங்குறது? கோட்டு இல்லைன்னு சொல்லிப் பாத்தேன், அவங்க வீட்டுக்காரர் கோட்டையே குடுத்துட்டாங்க. அதுல என்ன மாதிரி ரெண்டு பேர் நுழையலாம். விருந்துல ஒரு கெழவர் என் கையப் புடிச்சு ரொம்ப நேரம் ஆட்டுனார். நாலு பேரு அழுதாங்க, நானும் அழுதேன். அவங்க எதுக்கு அழுதாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் எதுக்கு அழுதேன்னு அவங்களுக்குத் தெரியாது. மறுநாள் வாசல்ல கேலம் படத்துக்குப் பக்கத்துல என் படத்தையும் மாட்டிட்டாங்க.

திங்கக்கிழமை பரீட்ச. இன்னைக்கு சனிக்கிழமை. இவ்வளவு நாளும் ஒரே ஒரு தைரியம்தான். எனக்குத் தெரியலைன்னாலும் கேலமுக்குத் தெரியும், அவன் சொன்னதத்தான் புள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கேன்னு. நாளைக்குக் கடைசியா ஒரு கிளாஸ் வச்சு, ஒன்பது பேருக்கும் எல்லாத்தையும் ஒருவாட்டி ஓட்டி விட்டுரலாம்னு இருந்தேன்.

இப்பதான் சலோட்டே துணிக் கூடையோட உள்ள வந்துச்சு. நாளைக்குத் தன்னால வர முடியாதாம், கேலம்கூட கிளாஸ் இருக்காம். எனக்குச் சந்தோஷமாப் போச்சு. கேலமே சொல்லித் தர்றானா, அப்ப நல்லதாப் போச்சு, போயிட்டு வான்னேன்.

அது கதவப் பாத்துட்டு, கொரலத் தாழ்த்திக்கிட்டுச் சொல்லிச்சு. "அவரு எங்க சொல்லித் தர்றாரு, நான்தான் அவருக்கு எடுக்குறேன். வெளிய சொல்லிராதீங்கண்ணே. போன வருஷம் இதுல ஃபெயிலு, பாவம், மன்னிச்சு இன்னொரு வாய்ப்பு குடுத்தாங்களாம், இதான் அவருக்குக் கடைசித் தடவ. ஒரு மாசமா வெள்ளிக்கிழமை நீங்க சொல்றதத்தான், ஞாயித்துக்கிழமை அப்படியே அவருக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, நம்ம பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போயி, திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க.