டிகிரி அண்ணன் தோண்டிய ஆவிக் குழி

எண்ணெய்க் கப்பலின் பிடியிலிருந்து இலங்கையை விடுவிக்கத் தனியாளாகக் கிளம்பியவர் எங்கள் தோட்டத்து டிகிரி அண்ணன்தான். தேயிலை பேக்டரியில் கொழுந்து காயவைக்கும் ட்ரையர் அவர் பொறுப்பு. சட்டைப் பையில் எப்போதும் தெர்மாமீட்டர் இருக்கும். கல்யாண வீட்டு ரசத்தில்கூட அதை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவார்.

கப்பல் வராத அந்த வருடம், டீசல் தீர்ந்து பேக்டரியை மூடிவிட்டார்கள். கொழுந்து செடியிலேயே முற்றியது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அப்போதுதான் ஏதோ ஒரு நாட்டில் பூமிக்கடியிலிருந்து ஆவி எடுத்து மின்சாரம் செய்வதை அண்ணன் டீவியில் பார்த்தார்.

"நமக்குக் கீழயும் நெருப்பு இருக்குதுங்க. ஆவிய பைப்புல விட்டு பேக்டரிய நானே ஓட்டிக் காட்டுறேன்" என்று கோயில் வாசலில் எல்லார் முன்பும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் குழி தோண்ட உதவிக்குப் பதினோரு பேர் போனோம். அண்ணன் கண் கலங்கிவிட்டார். மாணிக்கக்கல் விளையும் எங்கள் குருவிட்டப் பக்கம் ஆவிக்காக யார் குழி தோண்டுவார்கள்? கல்லுக்குத்தான் தோண்டுகிறார் என்று நாங்கள் போனோம். அவர் "ஆவி" என்னும்போதெல்லாம் கண்ணடித்துக்கொண்டோம். எடுத்த மண்ணைக் கூடையில் போட்டு ஓடையில் அலசினோம்.

"மண்ண ஏன்டா கழுவுறீங்க?"

"சுத்தமான ஆவியா வரட்டும்ணே."

அனுமதியில்லாமல் கல் தோண்டுகிறோம் என்று பொலிஸும் வந்தது. "மெணிக்த?" கல்லா என்று கேட்டு, சார்ஜன்ட் கூடைகளைக் கிளறினார். ஒன்றும் இல்லை. அண்ணன் அவருக்குச் சிங்களத்தில் ஆவியைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, "இன்னும் கொஞ்சம் தோண்டுங்க. என் பைக்குக்கும் பெட்ரோல் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

இருபத்தைந்து அடியில் தண்ணீர் வந்தது, ஐஸ் மாதிரி. அண்ணன் தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்த்தார். ஆவியும் இல்லை, கல்லும் இல்லை. கொஞ்ச நாளில் கப்பல் வந்து, டீசல் வந்து, பேக்டரியும் ஓடியது. கோயில் வாசல் பேச்சை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனாலும் அவர் தலைகுனிந்தே நடந்தார். சட்டைப் பை காலியாக இருந்தது. அதைப் பார்க்க எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் லயத்துப் பைப்பெல்லாம் காய்ந்துபோக, குளிக்க அந்தக் குழிதான் கதி. ஒருநாள் பக்கத்து வீட்டு மேரி அக்கா ஒரு வாளி ஊற்றிக்கொண்டு, அவர் காதில் விழும்படி, "அண்ணே, தண்ணி லேசா சுடுறாப்ல இருக்குதே" என்றார். மறுநாள் காலை அண்ணனின் பையில் தெர்மாமீட்டர் இருந்தது.

இப்போதும் ஊருக்குப் போனால் அங்கேதான் குளிக்கிறேன். பல் தந்தியடிக்க முதல் வாளியை ஊற்றிக்கொண்டு, அவர் வீட்டுப் பக்கம் திரும்பிச் சொல்வேன்: "நேத்தைய விட இன்னைக்கு சூடு கொஞ்சம் கூடத்தான்ணே."