ஜிம்மியைப் பங்காளியாக்கிய வார்டர்

ஒரு நாய் ஒரு மனிதனுக்கு என்ன முறை வேண்டும்? எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சப் ஜெயிலின் வார்டர் ஒருநாள் என்னிடம் இதைக் கேட்டார். பி.ஏ. படித்திருக்கிறேன். இன்றுவரை பதில் தெரியவில்லை.

நாய்க்கு மனு எழுதிய அரசு ஊழியர் தர்மபுரி மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். மாவட்டம் என்ன, உலகத்திலேயே அவர்தான் என்று நினைக்கிறேன். தெருவில் அவருக்கு 'மனு வார்டர்' என்று பெயர். கைதிகளைப் பார்க்க வருகிறவர்கள் அவரிடம்தான் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வார்த்தை அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் மூன்று வயதுப் பையன் அழுதால்கூடச் சுவருக்கு மேலே தலை தெரியும்.

"என்ன கொறைன்னு மனு குடுக்கச் சொல்லுங்கம்மா. பாத்து முடிச்சுடலாம்."

அன்று வாசலுக்கே வந்தார். தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து மாது என்று ஒரு ஆள், ஆடு திருடிய வழக்கில் உள்ளே வந்திருக்கிறாராம். பேச்சில்லை, சாப்பாடில்லை. பார்க்க வரவும் நாதியில்லை.

"உங்க ஜிம்மியை அரை மணி நேரம் குடுங்கம்மா."

"ஜெயிலுக்கா?"

"பயப்படாதீங்க. குத்தவாளியா இல்லிங்க, பார்வையாளரா."

எங்கள் நாய் ஜிம்மி மாதுவைக் கடித்தால் யார் பொறுப்பு, மாது ஜிம்மியைக் கடித்தால் யார் பொறுப்பு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் மனுவே எழுத ஆரம்பித்துவிட்டார்.

"பேரு, ஊரு ஆச்சு. என்ன முறைன்னு கேட்டிருக்குது. என்னம்மா போடறது?"

எனக்காகக் காத்திருக்காமல் அவரே எழுதினார்.

"பங்காளின்னு போட்டுக்கறேன். சொத்து கேக்காத பங்காளி."

ஜிம்மியை வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பினேன். திரும்பி வந்ததும் இன்னொரு முறை குளிப்பாட்டினேன். "சாப்பிட்டாரா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க. களியில முக்காவாசி பங்காளிக்கு. மாது அதுங்கிட்ட என்னமோ பேசுனாரு. எங்கிட்ட இன்னும் பேசல. பேசும்போது பேசட்டும்."

அதன் பிறகு உள்ளே இருந்த எல்லோருக்கும் ஜிம்மி பங்காளியாகிவிட்டது. பெண்டாட்டி வந்து பார்க்கிற கைதிகளுக்கும் ஜிம்மிதான் வேண்டுமாம். இண்டூரிலிருந்து வந்த ஒரு அம்மா ஜெயில் வாசலில் கத்தியது என் சமையலறை வரை கேட்டது.

"பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலு வீங்கி வந்திருக்கறேன். எங்க வூட்டு ஆளு நாயிகிட்ட கதை பேசிட்டிருக்கறாரு."

"செத்த இருங்கம்மா. அது உங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

மேலதிகாரி வந்த அன்று ஜிம்மி மாதுவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்ததாம்.

"யாருய்யா இது?"

"பார்வையாளருங்கய்யா."

"நேரம் முடிஞ்சுடுச்சே."

"எழுப்ப மனசு வரலிங்கய்யா."

கொஞ்ச நாளில் வார்டருக்கு மாறுதல் வந்துவிட்டது. ஜிம்மியால்தானா, வழக்கமான மாறுதலா, யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ள வந்தவர், "வெளிய வந்தா மாது இங்க வருவாருங்கம்மா. அவருக்குப் போறதுக்கு வேற வூடு இல்ல" என்றார்.

வழக்கில் விடுதலையானதும் மாது வந்துவிட்டார். திருடாததால் விடுதலையா, சாட்சி இல்லாததால் விடுதலையா, நான் கேட்டுக்கொள்ளவில்லை. செங்கல் சூளையில் வேலையாம். ஞாயிறுதோறும் எங்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை விட்டு ஜிம்மியைத் தடவுகிறார். இப்போது ஜிம்மி உள்ளே, அவர் வெளியே. என் பையன் கேட்டைத் திறக்கச் சொல்லி என் சேலையைப் பிடித்து இழுக்கிறான். "கேஸ் இருந்த ஆளு, ஜாக்கிரதை" என்கிறார் என் கணவர்.

போன வாரம் மாது என்னிடம் முதல் தடவையாகப் பேசினார்.

"உள்ள வந்து செத்த நேரம் உக்காந்துக்கட்டுங்களா? வெயிலா இருக்குது."

வேலை இருக்கிறது என்று ஏதோ சாக்குச் சொன்னேன். சரிங்க என்று வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டார். எத்தனை வாரம் சாக்குச் சொல்வது? சின்னக் குழந்தை இருக்கும் வீடு. கேட்டைத் திறக்கலாமா, கூடாதா? குழந்தை வைத்திருக்கிற வாசகிகள் யாராவது எழுதுங்கள். வார்டர் போகும்போது அவருடைய விலாசத்தை வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. வாங்கியிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அவரையே கேட்டிருப்பேன்.